மாட்டுக்கும் தபசுகாலம்

1974ஆம் ஆண்டு எங்கள் வீட்டுச் சிவலைப் பசு தபசுகாலம் அனுசரித்தது. அந்த யோசனையைச் சொன்னவன் நான்.

கப்பல்துறையில் மனிசருக்கே தின்னப் பாண் கிடைக்காத வருசம். பிண்ணாக்குக்குக் கேட்கவா வேண்டும்? பசு பால் வற்றி, சினையாய் நின்றது. "கறக்காத மாட்டுக்கு வைக்கோல் காணும்" என்றார் அப்பு. கடைசி இரண்டு மாதம் தாய் தின்கிற தீனிதான் கன்று குடிக்கும் முதல் பாலான கடும்புப்பாலாகிறது என்று விவசாயக் கல்லூரிச் சோதனையில் எழுதி, எண்பத்தாறு புள்ளி எடுத்தவன் நான். லீவில் வந்து நின்றேன். சொல்லியிருக்கலாம். "ஓம் அப்பு, வேதக்கார வீட்டு மாடுதானே, தபசுகாலம் நாற்பது நாளும் ஒருசந்தி பிடிக்கட்டும்" என்றேன். அப்பு கண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். பகிடி நிலைத்தது, பிண்ணாக்கு நின்றது.

அக்கா மரியமலர் சிரிக்கவில்லை. ஈஸ்டர் முடிய அவளுக்கு மூதூரில் கலியாணம். பிறக்கிற கன்றைத் தன்னோடு கொண்டுபோவதென்று பவளம் என்று பேரும் வைத்திருந்தாள்.

"தெரியாத ஊரில எனக்குக் கதைக்க ஒரு சீவன் வேணுமடா."

"நாம்பன் பிறந்தால்?"

"பிறக்காது. அந்தோனியாருக்குச் சொல்லிப்போட்டன்."

அந்தோனியார் சொல் காத்தார். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு காலை பெட்டைக் கன்று பிறந்தது. முதல் பாலைக் கன்று நிறையக் குடித்தால் வயிறு கழியும் என்பது எங்கள் ஒழுங்கைச் சனத்தின் நம்பிக்கை. அதற்கு இரண்டு மிடறு, மிச்சம் அடுப்புக்கு. அம்மா சர்க்கரை போட்டு அவித்தார். கடும்பு கட்டிபடாமல் தண்ணீராய் ஓடியது.

"சர்க்கரை சரியில்லை" என்றார் அம்மா.

பிழை சர்க்கரையில் இல்லையென்று எனக்குத் தெரியும். ஆறு கிண்ணம் அயலுக்குப் போனது. ஏழாவதை நான் குடித்தேன். நல்ல ருசி.

செவ்வாய்க்கிழமை கன்று கழியத் தொடங்கியது.

"நீ படிச்சனியெல்லே, ஏதாவது செய்யடா" என்றாள் அக்கா.

என்னோடு படிக்கிற அன்ஸார் வீட்டுக்கு, கிண்ணியாவுக்கு ஓடினேன். அவர்கள் மாடும் அன்றுதான் கன்று போட்டிருந்தது. பச்சைப்புல்லும் தவிடும் தின்ற மாடு. அவன் போத்தலில் தந்த பால் மஞ்சளாய்த் தடித்திருந்தது.

"பிந்திப்போச்சு மச்சான். முதல் நாளே குடிச்சிருக்க வேணும். இப்ப குடலுக்க கெட்ட கிருமி குடியேறியிருக்கும்."

"தெரியும். அதுக்குத்தான் எண்பத்தாறு எடுத்தனான்."

அவனும் சிரிக்கவில்லை.

கன்று போத்தலை நக்கியது, விழுங்கவில்லை. பெரிய வியாழன் மத்தியானம், அக்காவின் விரலைச் சூப்பியபடி செத்தது.

எங்கள் ஒழுங்கையில் கிண்ணத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுப்பதில்லை. ஈஸ்டர் பூசை முடிய ஐந்து கிண்ணம் வந்தது. சிலதில் சீனி, சிலதில் அரிசி. ஆறாவதை அடுத்த வளவுக் கனகம்மா மாமி கொண்டுவந்தார். அதில் ஒரு பிடி பிண்ணாக்கு.

"எங்கயோ தேடி எடுத்தனான். தாய்க்குக் குடு, பிள்ளை."

அக்கா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஒருசந்தி முடிஞ்சுதெண்டு நீயே போய்ச் சொல்லு."

போனேன். பசு தின்றது. கிண்ணத்தின் அடியையும் நக்கியது. பிறகு கன்று கட்டியிருந்த பக்கம் திரும்பிக் கத்தத் தொடங்கியது.