தலைமாட்டை உயர்த்திய மூன்று மாலைகள்

அசன் மைதீனின் நெற்றியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று எலும்பைத் தாண்டி மூளைக்குள் போய்த் திரும்பி வருமாம். ஊசியில்லை, கீறலில்லை. அங்கே ரத்தம் எவ்வளவு ஓடுகிறதென்று பக்கத்துப் பெட்டியில் எண்ணாக வரும், தாளில் கோடாகவும் விழும். தொண்ணூற்றேழில் பாளையங்கோட்டைக்கு அது புதுசு. டாக்டர் விஜயஸ்ரீ தாம் படித்த வெளிநாட்டிலிருந்து சோதித்துப் பார்க்க வாங்கி வந்திருந்தார்.

அசன் மைதீனின் மனைவி மைதீன் பாத்திமாவுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் எண் தெரியும். வலது நெற்றி அறுபத்தாறு, இடது ஐம்பத்தெட்டு. இடதுபக்க மூளையின் ரத்தக்குழாயில்தான் அடைப்பு. அவருடைய வலது கையையும் பேச்சையும் அதுதான் கொண்டுபோயிருந்தது. முழுக்கக் கொண்டுபோகவில்லை. சேர்த்த அன்றைக்கு அவளைப் பார்த்து, "பா... பாத்து" என்றார். அவளை அவர் கூப்பிடும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள்.

டாக்டர் அவளிடம் கண்டித்துச் சொன்னது ஒன்றே ஒன்று. தலையணை கூடாது, தட்டையாகவே படுத்திருக்க வேண்டும். தலை உயர்ந்தால் அடைபட்ட பக்கத்துக்கு ரத்தம் ஏறாது.

சாயங்காலம் திசையன்விளையிலிருந்து வேன் வைத்துச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கொழுந்தன் சிராஜுதீன் வாசலிலேயே நின்றுவிட்டான். மல்லாக்கக் கிடந்த உடம்பு, கழுத்துவரைக்கும் வெள்ளைப் போர்வை.

"என்ன மதினி, மய்யித்தைக் கெடத்துன மாதிரி கெடத்திப் போட்டிருக்கிய? அண்ணன் கடையில எப்படி உக்காந்திருப்பாவ."

பிணத்தோடு சேர்த்துச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. ஜவுளிக்கடை விரிப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேருக்கு நியாயம் சொன்ன மனுஷர். வந்தவர்கள் இந்தக் கோலத்தையல்லவா ஊருக்குக் கொண்டுபோவார்கள்? கட்டிலின் காலடியில் இருந்த கைப்பிடியைச் சுற்றினாள். தலைமாடு பைய உயர்ந்தது. தொப்பியையும் வைத்துவிட்டாள். இடது எண் ஐம்பத்தொன்றுக்கு இறங்கியதை அவள் பார்க்காமல் இல்லை. எல்லாரும் போனதும் இறக்கிவிட்டாள், எண்ணும் ஏறிவிட்டது. அப்புறமென்ன என்று தோன்றிற்று.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வந்த கூட்டம் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. இறக்கினாள். எண் நாற்பத்தேழிலேயே நின்றது. "ஏங்க" என்றாள். அவர் கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது. சத்தம் வரவில்லை.

காலையில் விஜயஸ்ரீ தாளை விரித்தார். கோட்டில் மூன்று பள்ளம், மூன்றும் சாயங்காலம். அந்நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்துத்தான் பாத்திமா வாயைத் திறந்தாள்.

"நாந்தாம்மா தூக்கிவிட்டேன். நாலு பேரு முன்னால அவுக அப்படிக் கெடக்கதப் பாக்க முடியல."

டாக்டர் வையவில்லை. வைதிருந்தால் தேவலை. பேச்சு அடியோடு போனது அதனால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, தானாகவும் ஆகியிருக்கலாம் என்றார். அது அவள் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சிராஜுதீன் மனத்தாங்கலோடு திரும்பிப் போனான். இரண்டு நாள் கழித்து எண் ஏறியது. ஐம்பத்தைந்து, அறுபது, எழுபது. வலதையே மிஞ்சிவிட்டது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் எண்ணைப் பார்த்தார். அன்று எடுத்த ஸ்கேன் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தம் போகுதும்மா. வாங்கிக்கிட அங்கன ஒண்ணும் உயிரோட இல்ல."

பட்டைகளைக் கழற்றினார்கள். இனித் தலையை உயர்த்தலாம், குழாயில் கஞ்சி விட உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். பாத்திமா குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றக் கை வரவில்லை. நர்ஸ் வந்து அவள் கையை விலக்கும்வரை அப்படியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.