நாற்பதாவது கை

என் மனைவி இந்த நகரத்தின் மேயர். அதற்கு முன் பதினெட்டு வருடம் பஸ் கண்டக்டர். அதில் பதினோரு வருடம் அவள் வண்டியை ஓட்டியவன் நான். ஒரு விசில் அடித்தால் நிறுத்துவேன், இரண்டு அடித்தால் கிளப்புவேன். கல்யாணத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

ஓடுகிற பஸ்ஸில் ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்துவைத்துப் பேர் வாங்கியவள் அவள். தினமும் ஏறுகிற பயணிகள்தான் பிடிவாதமாகத் தேர்தலில் நிறுத்திக் கவுன்சிலர் ஆக்கினார்கள். அடுத்த தேர்தலில் மேயர். ஆன மறுமாதமே வம்பு வந்தது. நகரத்து நடுவில் இருக்கும் பஸ் டிப்போவை இடித்து வணிக வளாகம் கட்டியே தீருவோம் என்று எதிரணி ஒற்றைக் காலில் நின்றது. இவள் கோப்பில் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றாள். உடனே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டார்கள். அறுபது உறுப்பினர்களில் நாற்பது பேர் கை தூக்கினால் பதவியும் போச்சு, டிப்போவும் போச்சு.

காலை பதினோரு மணிக்கு ஓட்டெடுப்பு. பார்வையாளர் மாடத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. எதிரணியில் சரியாக நாற்பது பேர். அதில் கண்ணாடிக் கடைக்காரருக்கு முந்தின நாள்தான் கண் ஆபரேஷன். ஆக, முப்பத்தொன்பது. தப்பித்தோம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், கடைக்காரர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மன்றச் செயலாளர். மனிதர் வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, யார் முகமும் பழக்கமில்லை. பேனாவால் காற்றைக் குத்திக் குத்தி எண்ணி, நாற்பது என்று அறிவித்தார். பதினெட்டு வருடம் நின்றே சம்பாதித்த பேரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தொலைத்துவிட்டாளே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

சந்தேகம் இருந்தால் மேயர் ஒரு முறை தானே எண்ணிப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. தூக்கிய கைகள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். கைப்பையை இடுப்போடு இடுக்கிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும். ஐம்பது பேர் வண்டியில் தொண்ணூறு பேர் ஏறியிருக்கும்போது நடக்கிற நடை. அவள் கைகளை எண்ணவே இல்லை, முகங்களைப் பார்த்துக்கொண்டு போனாள். டிக்கெட் எடுக்காத ஆளுக்குக் கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் ஜன்னல் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும் என்று அடிக்கடி சொல்வாள்.

கடைசி வரிசையில் கை மேலே இருந்தது. கறுப்புக் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெறும் சுவர்.

மாடத்தின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடையாள அட்டையைக் கேட்டாள். அவர் சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், மறுபடியும் சட்டைப் பைக்கு வந்தார். இந்தத் தடவலை நான் வண்டியில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது மாதிரி கேட்டாள்.

"அண்ணனுக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லக்கா. நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று கடைக்காரரின் தம்பிக்கு உறைத்தது. தூக்கிய கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

மன்றம் ரெண்டுபட்டது. மேசையைத் தட்டுகிறவர்கள், நாற்காலி மேல் ஏறுகிறவர்கள், எனக்கு முன்பே தெரியும் என்கிறவர்கள். முப்பத்தொன்பதுதான், தீர்மானம் தோற்றது என்று செயலாளர் மணியடித்துக் கத்தியது முன் வரிசைக்கே கேட்டிருக்காது. நானும் சத்தியத்தைக் காற்றில் விட்டு, எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் மேடையேறிக் கைப்பைக்குள் கையை விட்டாள். பழைய விசில். இன்னும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஒரே ஒரு முறை ஊதினாள்.

மன்றம் நின்றது. எதிரணித் தலைவர் நீட்டிய விரலோடு நின்றார். அவரும் ஒரு காலத்தில் எங்கள் வண்டியில் போனவர்தான்.

டிப்போவைப் புதுப்பிக்கும் திட்டம்தான் அடுத்து என்று அறிவித்தாள். பிறகு தலையைத் தூக்கி மாடத்தில் என்னைத் தேடினாள். பதினோரு வருடம் என் சீட்டுக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்த அதே முகம். விசிலை மறுபடி வாயில் வைத்து இரண்டு முறை ஊதினாள்.

என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.