யசோதராவின் நாலு போர்டு

ராயபுரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. யார் வீட்டில் காதுகுத்து, யாருக்குக் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் மெஷினைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும். ஆனால் ஒரே இடத்துக்கு ஒரே வருஷத்தில் நாலு போர்டு அடித்தது யசோதராவுக்கு மட்டும்தான்.

முதல் போர்டு, ‘யசோதரா பவர் யோகா அகாடமி’. வியாசர்பாடிப் பெண். கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, யோகா படித்து சர்டிபிகேட் வாங்கி, எங்கள் தெருக்கோடியில் மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தாள்.

“ஒரு வருசம் பாப்பேண்ணா. ஓடலேன்னா திரும்ப யார்டுக்கே பூட வேண்டியதுதான்” என்றாள். சொல்லும்போது சிரிக்கவில்லை. வெள்ளைக்காரி ஒருத்தி காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்திருக்கும் படத்தைப் போடச் சொன்னாள். போட்டேன். எனக்கென்ன போச்சு.

வகுப்பு காலை ஆறு மணிக்கு. காசிமேட்டுக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் வெறும் கையோடு நிற்கிற பொம்பளை உண்டா? என் மனைவி ஜோதிகா இரண்டரை மணிக்கே மீன் ஏலத்துக்குப் போய்விடுவாள். ஆறு மணிக்கு அவள் தலையில் கூடை இருக்கும். வகுப்புக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவருடைய சர்க்கரை வியாதியும்தான் வந்தார்கள்.

ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. விசைப்படகு ஆட்கள் இரண்டு மாதம் வீட்டோடு. வீட்டில் உட்கார்ந்த ஆம்பளை என்ன செய்வான்? குழம்பில் உப்பு சரியா என்று பார்ப்பான். பெண்கள் கூடிப் பேசி அத்தனை பேரையும் யோகாவுக்குத் துரத்திவிட்டார்கள். இரண்டாவது போர்டு, ‘ஆண்களுக்கான தடைக்கால யோகா’. என் மச்சான் தாமோதரன் ஒற்றைக் காலில் நின்றால் அரை மணி நேரம் அசைய மாட்டான். ஆடுகிற படகில் நின்று வலை இழுத்தவனுக்குச் சிமெண்டுத் தரை எம்மாத்திரம். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னால் மட்டும் தொப்பை இடம் கொடுக்காது. யசோதரா வெள்ளைக்காரியை எடுத்துவிட்டு அவன் படத்தைப் போட்டாள். அதற்கப்புறம் அவனோடு மனுஷன் பேச முடியவில்லை.

ஜூன் பதினைந்தில் படகுகள் கிளம்பின. ஹாலில் மறுபடியும் வாத்தியார்.

மூன்றாவது போர்டு, ‘மகளிர் நலம் யோகா, பகல் பதினொரு மணி’. வியாபாரத்துக்கும் சமையலுக்கும் நடுவே பெண்களுக்கு அந்த நேரம்தான் தோதுப்படும் என்று ஜோதிகா சொல்லியிருந்தாள். முதல் நாள் அவளும் என் மாமியார் மங்கம்மாவுமாகப் பன்னிரண்டு பேர் போனார்கள். பாயை விரித்ததும் படுத்துவிட்டார்கள்.

“படுக்கிறது கடைசி ஆசனம்மா” என்றிருக்கிறாள் யசோதரா.

“நாங்க அதுலேர்ந்து ஆரம்பிக்கிறோம் கண்ணு” என்று சொல்லிவிட்டு மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். ஒரு வாரம் எழுப்பிப் பார்த்தாள். எழுப்ப எழுப்ப ஆள் குறைந்தது. நாலு பேர் மிஞ்சியபோது என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எண்பத்தினாலு ஆசனம் கத்துக்கினேன்ணா. இவங்களுக்கு ஒண்ணு போதுமாம். தூங்க வுடறதுக்கு ஒரு டீச்சரா?”

கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா. “அப்ப லாட்ஜுன்னு போர்டு அடிச்சிடலாம்” என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் யாரையும் எழுப்பவில்லை. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோருடைய செல்போனையும் மடியில் வைத்துக்கொண்டாள். போன் அடித்தால், “ஆசனத்துல கீறாங்க, நடுவுல கலைக்கக் கூடாது” என்று சொல்லி வைத்துவிடுவாள். எனக்கே இரண்டு தடவை அந்தப் பதில் கிடைத்தது. பீரோ சாவி எங்கே என்று கேட்கத்தான் அடித்தேன். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் கழுத்துக்கும் இடுப்புக்கும், கூடை தூக்குகிறவர்களுக்கென்று அவளாகவே யோசித்த பயிற்சி. ஒரே மாதத்தில் முப்பது பேர் சேர்ந்தார்கள். யார்டு பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை.

நாலாவது போர்டில் படம் வேண்டாம், யோகா என்ற வார்த்தையும் வேண்டாம் என்றாள். ‘ஒரு மணி நேரம்’, அவ்வளவுதான்.

“இத்தப் பாத்து எவன் வருவான்?”

“வர்றவங்களுக்குத் தெரியும்ணா.”

மாட்டுவதற்கு டிரில் மெஷினோடு நானே போனேன். பதினொன்றேகால் இருக்கும். யசோதரா வாசலிலேயே உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பாயில் ஒருத்தி வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். யாரென்று தெரியவில்லை. புடவையைப் பார்த்த பிறகுதான் ஜோதிகா என்று புரிந்தது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். நான் படுத்த பிறகு படுப்பாள், நான் எழுவதற்கு முன்னால் போயிருப்பாள். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

டிரில்லைப் பையில் வைத்துவிட்டு, கட்டுக்கம்பி வாங்கிவந்து போர்டைச் சத்தமில்லாமல் கிரில்லில் கட்டினேன். கொஞ்சம் கோணல்தான். அப்புறம் கடைக்குப் போக மனம் வராமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஜோதிகா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாகச் செருப்பைத் தேடினாள்.

“இன்னாய்யா, பசிக்குதா? தோ வந்துட்டேன்” என்றாள்.