நட்டத்துக்கு ஒரு பொன்னாடை

தான் நட்டத்தில் இருப்பதை நாலு பேர் நம்பியாக வேண்டும் என்ற நிலை சூலூர் அங்கப்பனுக்கு வந்திருந்தது. கொங்கு நாட்டில் இதைவிடக் கடினமான காரியம் வேறில்லை. இங்கே புதுக் காரிலிருந்து இறங்குகிறவரிடம் "யாவாரம் எப்படீங்க?" என்று கேட்டால், "எங்கீங்க, எல்லாம் நட்டந்தானுங்க, ஏதோ ஓடுதுங்க" என்பார். கேட்டவரும் "அட ஆமாங்க, எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க" என்று தலையாட்டிக்கொண்டே காரின் விலையை மனசுக்குள் போட்டுப் பார்ப்பார். லாபம் என்று வாய்திறந்தால் கண் பட்டுவிடும். கோயில் நன்கொடை ரசீதும் பின்னாலேயே வந்துவிடும். ஆக, இந்தப் பக்கத்தில் நட்டம் என்பது கும்பிடு மாதிரி. எதிரே ஆள் வந்தால் போட வேண்டியது.

அங்கப்பனும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அப்படிப் போட்டவர்தான். இப்போது அது நிஜமாகிப் போனது.

அவருடைய ஆலையில் தயாராவது ஹைட்ரோஸ் என்கிற வெள்ளைத் தூள். சாயப்பட்டறைகளில் துணியில் சரியாகப் பிடிக்காத சாயத்தைக் கழற்றி எடுப்பது அதுதான். வெளிநாட்டில் ஒரு அரசாங்கம் தன் ஆலைகளுக்கு நிலம், மின்சாரம், கடன் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்து இதே தூளைக் கப்பலேற்றி அனுப்புகிறது. தூத்துக்குடியில் இறங்கும்போது அந்தத் தூள் அடைத்த டிரம்மின் விலை, அங்கப்பன் கச்சாப்பொருள் வாங்குகிற விலையில் வந்து நிற்கும். அந்த மானியத்தை ஈடுகட்டத்தான் இறக்குமதியின்மேல் நம் அரசாங்கம் ஐந்து வருஷத்துக்கு ஒரு வரி போட்டது. வரி இருந்தபோதே ஆலை நொண்டிக்கொண்டுதான் ஓடியது. இப்போது ஐந்து வருஷம் முடிகிறது. வரியை நீட்டிப்பதா, எடுப்பதா என்று டில்லியில் மறுஆய்வு. எடுத்தால் ஆலைக்குப் பூட்டு. உள்ளே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள்.

வழக்கைப் பார்த்துக்கொண்டவள் லோகப்பிரியா, பீளமேட்டில் அலுவலகம் வைத்திருக்கும் காஸ்ட் அக்கவுண்டன்ட். "கணக்கெல்லாம் குடுத்தாச்சுங்க சார். அது காகிதத்துல காட்டற நட்டம், ஆலை நல்லாத்தான் இருக்குதுன்னு வெளிநாட்டு ஆலைகளோட எதிர்த்தரப்பு வக்கீல் சொல்றாரு. உங்க சங்கத் தலைவரு விசாரணைல வந்து, இல்லீங்க, இவரு நெசமாவே அடிபட்டுத்தான் கெடக்கறாருன்னு சொல்லிட்டாப் போதும்."

"அவ்வளவுதானா அம்மணி?" என்றார் அங்கப்பன், விவரம் தெரியாமல்.

சங்கத்தின் பெயர், கொங்கு மண்டலச் சாய, சலவை, இரசாயனத் தொழில்முனைவோர் நலக் கூட்டமைப்பு. பெயர்ப்பலகை ஒரு சுவரில் அடங்காமல் மூலை திரும்பி அடுத்த சுவரில் போய் முடியும். தூள் செய்கிற அங்கப்பனும் அதில் உறுப்பினர். தூளை மலிவாக வாங்க வேண்டும், வரியை எடு என்கிற சாயப்பட்டறைக்காரர்களும் உறுப்பினர்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர் திருப்பூர் சுரேந்தர்; அங்கப்பனின் மனைவி தெய்வாத்தாளின் கூடப்பிறந்த தம்பி. அத்தனை பேருக்கும் பொதுவான தலைவர், தொழிற்சிகரம் தெய்வசிகாமணி. சிகரம் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது இதே கூட்டமைப்பு. முன்மொழிந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அங்கப்பன் அவர் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னார். தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்படிக் கேட்டால் ஆழமாகக் கேட்பதாக அர்த்தமாம்.

"ஏம்ப்பா, உன்னையப் போயி அடிபட்டவன்னு நாலு பேர் முன்னால நான் சொல்றதா? அசிங்கமா இருக்காது?"

"அந்த அசிங்கந்தானுங்ணா வேணும்."

"அட உடு. டில்லிக்காரன் முன்னால உன்னைய எங்க நிறுத்தோணுமோ அங்க நிறுத்தறேன். நீ காபியக் குடி."

அங்கப்பன் குடித்தார். நிம்மதியாகவே குடித்தார்.

விசாரணை காணொளி வழியாக நடந்தது. அவரவர் அவரவர் இடத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றுதான் டில்லி சொல்லியிருந்தது. கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. குளிர்சாதன அரங்கு, ஆள் உயரத் திரை, வாசலில் 'டில்லி விசாரணையை எதிர்கொள்ளும் எங்கள் தலைவரே, வருக' என்று பிளெக்ஸ். குத்துவிளக்கு ஏற்றியபோது திரையில் இருந்த அதிகாரி, இணைப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பின்கட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சாதத்தின் வாசம் வந்துகொண்டிருந்தது.

லோகப்பிரியா கணக்கைச் சுருக்கமாகச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் டில்லியிலிருந்தே, இவை வெறும் எண்கள் என்றார். அதிகாரி, உள்ளூர்க் கூட்டமைப்பின் கருத்து என்ன என்று கேட்டார். தெய்வசிகாமணி எழுந்தார்.

தன் ஆங்கிலத்தில் அவர் நொய்யல் ஆற்றிலிருந்து தொடங்கினார். பஞ்சாலை வந்தது, பம்புசெட்டு வந்தது, பனியன் கப்பலேறி உலகமெல்லாம் போனது. கொங்கு மனிதனை எந்த நாட்டு டிரம்மாலும் உருட்ட முடியாது என்றார். கைத்தட்டல். முன்வரிசையில் ஒரு பக்கம் அங்கப்பனும் மறுபக்கம் சுரேந்தரும் உட்கார்ந்திருந்தார்கள். வரி வேண்டும் என்றால் ஒருவர் மனசு நோகும், வேண்டாம் என்றால் இன்னொருவர் மனசு நோகும். தெய்வசிகாமணி யார் மனசையும் நோகடிக்காமலே தலைவரானவர். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த காரியத்தைச் செய்தார். அங்கப்பனை மேடைக்குக் கூப்பிட்டார்.

"இதோ எங்க அங்கப்பன். சும்மா ஒரு கொட்டகைல ஆரம்பிச்சவரு. இன்னிக்கு சூலூர்ல வந்து பாருங்க, மலை மாதிரி ஆலை. நாற்பது குடும்பத்துக்குச் சோறு போடறாரு. இவரை ஒருத்தனாலும் அசைக்க முடியாது." சொல்லிவிட்டு ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். புகைப்படக்காரர், தலைவர் கை தெரியவில்லை என்று இன்னொரு முறை போர்த்தச் சொன்னார்.

லோகப்பிரியா தன் மைக்கை அணைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி நல்ல மனிதர். குறித்துக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, தலைவர் சொல்வது சரிதானா என்று அங்கப்பனையே நேராகக் கேட்டார்.

பொன்னாடை கழுத்தை உறுத்தியது. அங்கப்பன் மைக்கைப் பிடித்தார். இதற்குமேல் மானத்தைப் பார்த்து ஆவதில்லை என்று தெரிந்தது. "இல்லீங்க. தலைவர் என்மேல இருக்கற பிரியத்துல சொல்றாருங்க. எனக்கு நெசமாலுமே நட்டமுங்க. ரெண்டு வருசமா ஊட்டுப் பணத்தப் போட்டுத்தான் சம்பளம் குடுக்கறேன். இந்த வரிய எடுத்துட்டீங்கன்னா மூடிப்போடுவேனுங்க."

லோகப்பிரியா மைக்கைத் திரும்பப் போட்டு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு பின்வரிசையில் ஒருவர் மனம் குளிர்ந்து சிரித்தார். "பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்." கைத்தட்டல் எழுந்தது, முன்பு எழுந்ததைவிடப் பலமாக. தெய்வசிகாமணி கண் கலங்கி, இதுதான் எங்கள் மண்ணின் பண்பாடு, பழுத்த மரம் பேசுகிற பேச்சு என்று அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அதிகாரி புரிந்துகொண்டதாகத் தலையசைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல், தனக்குக் கேள்வி ஏதும் இல்லை என்றார்.

அந்த அரங்கில் உண்மை தெரிந்தவர், லோகப்பிரியாவைத் தவிர, ஒரே ஒருவர், சுரேந்தர். தெய்வாத்தாள் தன் நகையை அடகு வைக்கத் தம்பியோடுதான் போயிருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் சுரேந்தர் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், நான் உங்களுக்கு எதிரா ஒரு வார்த்தை பேசலீங்க."

"ஆமா மாப்ள. ஒரு வார்த்தையும் பேசல."

"எனக்கும் கஷ்டந்தானுங்க மச்சான். சட்டை வாங்கறவன் ஒவ்வொரு சீசனுக்கும் வெலையக் கொறைக்கறான். நான் எங்கீங்க போறது?"

அது உண்மையாகவும் இருக்கலாம், கும்பிடாகவும் இருக்கலாம். அங்கப்பனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "நெய் ஊத்திக்க மாப்ள" என்றார்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. உள்நாட்டுத் தொழில் வலுவாக இருப்பதை அதன் கூட்டமைப்பே உறுதி செய்துள்ளது. ஆகவே வரியை நீட்டிக்கத் தேவையில்லை. டில்லி ஆவணத்தில் கூட்டமைப்பின் பெயர் ஓரெழுத்து விடாமல் முழுசாக வந்திருப்பதைச் சொல்ல தெய்வசிகாமணி அன்று காலையிலேயே போன் செய்தார். அங்கப்பனிடம் முழுப் பத்தியையும் படித்துக் காட்டினார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அங்கப்பன் ஆலை முற்றத்தில் எல்லோரையும் கூப்பிட்டார். பேக்கிங் பகுதியிலிருந்து மயிலாத்தாள் முகத்துணியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். போனஸ் பேச்சு எப்போதும் அவளுடையது.

"இங்க பாருங்க. வெளிநாட்டுச் சரக்கு வந்து எறங்கிருச்சு. நட்டம் தாங்க முடியல. தீவாளியோட ஆலைய மூடறதா இருக்கறேன்" என்றார் அங்கப்பன்.

யாரும் அசையவில்லை. பாய்லர்க்காரர் கொட்டாவி விட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதலாளி இப்படித்தான் தொடங்குவார்; போன வருஷம் இதைவிட உருக்கமாகச் சொன்னார்.

"செரிங்க மொதலாளி, அது இருக்கட்டும். இந்த வருசம் இருவது பர்சன்ட் குடுத்துப்போடுங்க" என்றாள் மயிலாத்தாள். இருபது என்று தொடங்கினால்தான் ஒரு மணி நேரம் இழுத்துப் பன்னிரண்டில் வந்து நிற்க முடியும்.

"செரி" என்றார் அங்கப்பன்.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். மயிலாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள். அடுத்த பேச்சுக்கு அவள் தயாராக வைத்திருந்த வார்த்தைகளுக்கெல்லாம் வேலை இல்லாமல் போனது.

"என்னுங்க இது, பேரம் பேசாம செரிங்கறீங்க."

அங்கப்பன் ஆலையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாவேங்களா?" குரல் இறங்கிவிட்டது.

அவர் தலையசைத்தார். டிரம்மின்மேல் கையூன்றி நின்றிருந்த இருவர் கையை எடுத்துவிட்டார்கள். மயிலாத்தாள் கையுறைகளைக் கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் செருகினாள்.

"ராத்திரி ஷிப்டுக்கு வாரவங்களுக்கு யாருங்க சொல்றது?"

"நீயே சொல்லிப்போடு அம்மணி" என்றார் அங்கப்பன். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க."