பித்தளைக் கொக்கி

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இனாயத்துக்கு ஒரு கடை. கடை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கடிகாரம், கிராமபோன், தையல் மிஷின் எல்லாம் பார்ப்பார். ஆனால் துரைமார்கள் அவரைத் தேடி வந்தது தூண்டில் நூலைச் சுற்றுகிற ரீலுக்காக. அடையாற்று முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுப் பொழுதைக் கழிக்கும் வெள்ளைக்காரர்களின் ரீலெல்லாம் உப்புக்காற்று பட்டு, பல் தேய்ந்து, கடைசியில் இனாயத்தின் மேசைக்குத்தான் வந்து சேரும். அதைப் பிரித்து மறுபடி பூட்டத் தெரிந்தவர் பட்டணத்தில் வேறு யாருமில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கர்வப்பட்டால்தான் என்ன, அதனால் மட்டும் யாரும் செத்துப்போவதில்லை.

யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து வரும் பாகங்கள் நின்றுபோயின. செத்த ரீலைப் பிரித்து, உயிரோடிருக்கும் ரீலுக்குப் பூட்டி நாலு வருஷம் ஒப்பேற்றினார். நாற்பத்துமூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு எஃகுக் கொக்கி. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஆனால் மீன் இழுக்கும்போது சக்கரம் தன்பாட்டுக்குப் பின்னால் சுழன்றுவிடாமல் பல்லில் மாட்டி நிறுத்துவது அதுதான். அது போனால் ரீல் வெறும் நூற்கண்டு.

அந்தச் சமயத்தில்தான் அய்யாதுரை வந்தான். ஊரூர் குப்பத்துக்காரன். கட்டுமரம் மோதி முழங்கால் நொறுங்கியதில் கடலுக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. அப்புறம் ஒரு துரைக்குத் தூண்டில் கழி சுமந்துகொண்டிருந்தான். அந்தத் துரை யுத்தத்துக்குப் போகும்போது கழியையும் ரீலையும் அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஒற்றைக்காலை ஊன்றி முகத்துவாரத்தில் நின்று அவன் பிடித்த மீனை, பெண்டாட்டி சொர்ணம் மயிலாப்பூரில் விற்றாள். அதில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"பாய், சக்கரம் நிக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரு."

இனாயத் பிரித்துப் பார்த்தார். கொக்கி முறிந்திருந்தது. மாற்றுக் கொக்கி டப்பாவில் இருந்தது. ஆனால் அது வேறொருவருக்கு என்று எடுத்து வைத்தது. அடுத்த வாரம் ரீலைக் கொண்டுவருவதாக அடையாற்றுத் துரை ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தொழிலில் இனாயத்துக்கு ஒரு பழக்கம். திறந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்குச் சீமைப் பாகம். தெரியாதவர்களுக்குப் பித்தளையில் தாமே அரத்தால் ராவிய பாகம். இதை ஏமாற்று என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மடவை, கெளுத்தி என்று சின்ன மீன் பிடிப்பவனுக்குப் பித்தளையே தாராளம். பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார், ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அன்றைக்கும் அரைநாள் உட்கார்ந்து ராவினார். பார்க்கப்போனால் சீமைக் கொக்கியைவிட அது லட்சணமாக இருந்தது.

"தாங்குமா பாய்? மழை வுட்டதும் கொடுவா ஏறும். இருவது ராத்தல், முப்பது ராத்தல்னு வரும்."

"யானையைக் கட்டி இழு நைனா, தாங்கும்."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பெரிய மீன் மாட்டினால் நூலை அறுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் பித்தளை என்று சொல்ல வேண்டி வரும். அதனால் வாயை மூடிக்கொண்டார், பாவி மனுஷன்.

ஒன்பதாம் நாள் கொடுவா மாட்டியது. மழைத் தண்ணீர் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த நேரம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான் அய்யாதுரை. கொக்கி பிய்ந்து, சக்கரம் பைத்தியம் பிடித்தாற்போல் சுழன்று, கைப்பிடி விரல்களை அடித்தது. அவன் என்ன செய்தான்? கட்டுமரத்தில் வளர்ந்தவன் ஆயுசு முழுக்க எதைச் செய்தானோ அதையேதான் செய்தான். நூலைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினான். கட்டுமரத்தில் அதனால் ஆபத்தில்லை. மீன் இழுத்தால் மரமும் கூடவே போகும். களைத்த பிறகு மீனைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். இங்கே கூடவே போக மரம் இல்லை, காலொடிந்த மனுஷன்தான் இருந்தான். மீன் அவனை ஆழத்துக்கு இழுத்தது. ஆறு அவனைக் கடலுக்குக் கொண்டுபோனது.

மறுநாள் கொட்டிவாக்கம் கரையில் ஒதுங்கினான். நூல் மணிக்கட்டிலேயே இருந்தது. கழியும் ரீலும் அவனோடு வந்திருந்தன. மீன் இல்லை.

இனாயத் சாவுக்குப் போகவில்லை. ஜுரம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். நூலைக் கையில் சுற்றியது அவன் தப்பு என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இரண்டு வாரம் சோறு தின்றார்.

காரியம் முடிந்து சொர்ணம் வந்தாள். மடியிலிருந்து ரீலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இத்த ரிப்பேர் பண்ணிக் குடு பாய்."

"விக்கிறதுக்கா தங்கச்சி? நானே எடுத்துக்கிறேன்."

"விக்கிறதுக்கு இல்ல. நானே தூண்டி வீசப் போறேன். கூட நின்னு பாத்தவதான நானு. வேற இன்னா பொழப்பு கீது எனக்கு?"

இனாயத் ரீலைத் திறந்தார். உள்ளே ஈர மணல். அதைத் தட்டியதும் மூக்கு பிய்ந்த கொக்கி தெரிந்தது. சொர்ணம் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் வெள்ளையா கீது. இது மட்டும் இன்னா மஞ்சளா கீது?"

திறந்து பார்க்கத் தெரியாதவர்கள் என்று அவர் இத்தனை வருஷம் ஒதுக்கி வைத்திருந்தது இவளைப் போன்றவர்களைத்தான். அவள் கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"பித்தளை" என்றார்.

"பித்தளை கொடுவாவுக்குத் தாங்குமா?"

"தாங்காது."

"லடாயில சாமானே வர்லன்னு அவரு சொல்லிக்கினு இருந்தாரு. கெடைக்கலன்னா நீ இன்னா பண்ணுவ, பாவம்."

அவளே வழி விட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. ஆட்டிவிடத்தான் நினைத்தார். ஆனால் அந்தப் 'பாவம்' என்ற வார்த்தை அவரைத் தின்றது. அதை வாங்கிக்கொண்டு உயிரோடு இருக்க அவரால் முடியவில்லை.

"எஃகுக் கொக்கி ஒண்ணு இருந்துச்சும்மா. ஒரு துரைக்குன்னு வச்சிருந்தேன்."

"அவரு வாங்கிக்கினு போய்ட்டாரா?"

"வரவே இல்ல. இங்கதான் இருக்கு."

வாய்க்கு வந்தபடி திட்டமாட்டாளா, மண்ணை வாரித் தூற்றமாட்டாளா என்று ஏங்கினார் இனாயத். சொர்ணம் ரீலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு கடை தாண்டிப் போய் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

ரீலை மறுபடி மேசையில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வேற ஆள் இருந்தா உன் மூஞ்சில முழிப்பனா நானு?" என்றாள். "அந்தத் துரை கொக்கியப் போடு."