கோணல் கைப்பிடி

பெட்டிக்குக் கறுப்பு அடித்து முடித்தபோது முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: காலமான மணிவோனின் அண்ணனும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான சீசவாத், அவள் மகள் டாலா, பெட்டி செய்த தச்சர் காம்பான், பக்கத்து வீட்டு பூவா. வேறு யாராவது தாமும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம். மற்றவர்கள் உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அழுகை கேட்டால் போகிற உயிர் திரும்பித் திரும்பிப் பார்க்கும் என்பதால், மூன்று நாளாக அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. மணிவோன் எழுபத்திரண்டு வயதில் தூக்கத்திலேயே போனவள்.

டாலா ஸ்டென்சில் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தாள். எண்ணெய் ஊறிய தாள்களில் கொடி, தாமரை, பறவை என்று மணிவோன் வெட்டியவை. ஊரிலிருந்த பழைய மரச்சாமான்களின் மேல் அவற்றை வைத்து, பஞ்சால் தங்கப்பூச்சை ஒற்றிப் புதிதாக்குவாள். நூடுல்ஸ் கடை முக்காலியைக்கூட விட்டதில்லை. தலைமையாசிரியரின் தங்கை கண்டவர் முக்காலிக்கு அலங்காரம் செய்வதா என்று சீசவாத்துக்குக் குறை. தம் வீட்டிலிருந்த அப்பாவின் தேக்கு அலமாரியை மட்டும் தொட விடவில்லை. ஏழு வருஷம் கேட்டுப் பார்த்தாள்.

பூவா பெரிய தாள் ஒன்றை விரித்தாள். "பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே!"

"அம்மா இதை வச்சதே இல்லை. பூச்சு படல பாருங்க" என்றாள் டாலா.

சீசவாத் வாங்கிப் பார்த்தார். கொடி ஓரிடத்தில் விலகி வெறுமையாக இருந்தது. அந்த வெற்றிடமும் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. அலமாரிக் கதவில் அப்பா கோணலாக அடித்த கைப்பிடிக்கான இடம்.

"என் அலமாரியை எப்ப அளந்தா?"

"நீங்க கோயிலுக்குப் போனப்பதான், மாமா. அத்தைதான் நாடாவைப் பிடிச்சாங்க."

உள்ளே அவர் மனைவி சீட்டில் ஜெயித்துச் சிரிப்பது கேட்டது.

"அண்ணே, பெட்டிக்கு வச்ச தாளை அப்புறம் வீட்டுச் சாமானுக்கு வைக்கக்கூடாது. கூடவே எரிச்சிடணும். வைக்கட்டுமா?" என்றாள் பூவா.

"பொறு. முதல்ல அலமாரி."

"வாத்தியாரய்யா, பிக்குகள் பதினோரு மணிக்கு வந்துடுவாங்க" என்றார் காம்பான்.

"வந்தா உட்கார வை."

அடுத்த தெருவிலிருந்த தம் வீட்டில், டாலா தாளை அழுத்திப் பிடிக்க, சீசவாத் பஞ்சை எடுத்தார்.

"ஒத்துங்க மாமா, தேய்க்காதீங்க. அம்மா பாத்தா கையிலேயே அடிப்பாங்க."

"அடிச்சிருக்கா. ஆறு வயசுல."

அவசரத்தில் காயுமுன் தாளை எடுத்துவிட்டார். கொடியிலிருந்த ஒரு பறவையின் வால் இழுபட்டது.

"துடைச்சிடட்டுமா, மாமா?"

"இருக்கட்டும்."

பதினோரு மணிக்குள் அதே கொடி பெட்டியிலும் ஏறிவிட்டது. மாலையில் தாள் பெட்டியோடு எரிந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் கைப்பிடிக்கு விட்ட வெற்றிடத்தைப் பார்த்தவர்கள், சீசவாத் செலவுக்கு அஞ்சி அப்பாவின் அலமாரிக் கதவைக் கழற்றித் தங்கைக்குப் பெட்டி செய்தார் என்று பேசிக்கொண்டார்கள். அது தவறு. பெட்டி, காம்பான் அறுத்த புதுப் பலகை. அலமாரி இரண்டு கதவுகளோடும் அவர் அறையில் நிற்கிறது. அவருடைய சட்டைகள் அதில்தான் இருக்கின்றன.