திருப்பி அனுப்பிய நாற்காலிகள்

வேனிலிருந்து இறக்கிய நாற்காலிகளை வாசலில் போடப் போட ஆட்கள் உட்கார்ந்துகொண்டே வந்தார்கள். உள்ளே கிடத்தியிருந்த அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்த மகள், நாற்காலிகளின் முதுகில் நகராட்சி முத்திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தப்பா, இதை யாரு கொண்டுவரச் சொன்னது?"

"காண்ட்ராக்டர்தான் அனுப்பினாரு. சமூகக் கூடத்து நாற்காலி. வாடகை வேண்டாம்னுட்டாரு, பெரிய மனசு."

"இது அப்பா வேண்டாம்னு திருப்பி அனுப்பின நாற்காலி."

"சாவு வீட்டுல அதையெல்லாம் பாத்துக்கிட்டிருக்க முடியுமா? சும்மா இரும்மா."

அப்பா நகராட்சிக் கிடங்கின் பொறுப்பாளர். வந்து இறங்கும் சரக்கில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். வாளி வந்தால் தண்ணீர் நிரப்பி விடியும்வரை ஒழுகுகிறதா என்று பார்ப்பார். பல்பு வந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. "வீட்டுக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்கன்னா, ஆபீசுக்கு வாங்கினதைத் தூக்கிட்டு வர்றீங்களே" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். காலையில் அது கிடங்குக்கே திரும்பிப் போய்விடும்.

நாற்காலி விஷயத்தில் காண்ட்ராக்டர் மாதிரிக்குக் காட்டியது ஒன்று, வந்து இறங்கியது வேறு. அப்பா உட்கார்ந்து பின்னால் சாய்ந்ததும் கால் விரிந்து, மனுஷர் தரையில் கிடந்தார். அப்பா, அம்மா, மகள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மறுநாள் அவர் கையெழுத்துப் போடாமல் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியதும், குப்பை லாரிப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அடுத்து வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டார்.

முன்வரிசையிலிருந்து காண்ட்ராக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி மகளிடம் சொன்னார்: "உங்கப்பாவுக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம், அவ்வளவுதாம்மா. கடைசில நம்ம நாற்காலிதானே அவருக்கு உதவுது."

நாலு பேர் தலையாட்டினார்கள். அப்பா ஆயுள் முழுக்கக் காத்த பெயர் ஒரு வேன் நாற்காலிக்குப் போய்விடும்போல இருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உள்ளே போய் அம்மாவின் காதில் சொன்னாள்.

காலையிலிருந்து அசையாத அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்க. இது அவரு கையெழுத்துப் போடாத நாற்காலி. யாராவது விழுந்து வெச்சா அவரு தாங்கமாட்டாரு."

முதலில் எழுந்தவர் குப்பை லாரி டிரைவர். பிறகு கிடங்கு ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். சித்தப்பாகூட முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

அப்பாவைத் தூக்கும்வரை எல்லோரும் வெயிலில் நின்றார்கள். காண்ட்ராக்டர் மட்டும் எழவில்லை. இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.